அபூ ஹைதமின் இடுப்பெலும்பு

கணினித் திரையில் இடுப்பெலும்பு முழுக்கப் பச்சையாகிவிட்டது, எங்கும் உடையவில்லை. ருலாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது.

"மகளே, அபூ ஹைதம் பேசறேன். காலையில ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ஆலிவ் பறிக்க நான் மரம் ஏறுவேன்."

திரையில் இருந்தது அவருக்கு வைக்கவேண்டிய எலும்புதான். மெல்லிய டைட்டானியக் கம்பிகளை வலையாகப் பின்னிய எலும்பு. கணினிக்குள்ளேயே அதை நடக்கவிட்டு எங்கே உடைகிறது என்று பார்ப்பது ருலாவின் வேலை. நாலு மணிக்குள் முப்பரிமாண அச்சுக்கு அனுப்பாவிட்டால் வெளிநாட்டு எலும்பையே வாங்கிக்கொள்வதாக, ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் நபீல் சொல்லிவிட்டார். அம்மான் நகரில் ருலாவின் ஆய்வுக்கூடத்தை நம்பி வந்த முதல் நோயாளி அபூ ஹைதம்தான். இவர் கைவிட்டுப் போனால் கூடத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

திரையில் அந்த எலும்பை மரம் ஏறவிட்டாள். ஒரு கம்பி சிவந்து அறுந்தது. தடிப்பாக்கினாள். எலும்பு உலக்கையாக விறைத்துக்கொண்டது. எல்லாப் பாரத்தையும் அதுவே தாங்கினால் பக்கத்திலுள்ள அவருடைய சொந்த எலும்பு வேலையில்லாமல் கரைந்துவிடும். ஓரங்களை மெலிதாக்கி ஒருவழியாகப் பச்சைக்குக் கொண்டுவந்தாள்.

மறுபடி அழைப்பு.

"கேஸ் சிலிண்டரைத் தோள்ல வச்சு மாடிக்கு ஏத்துறதும் நான்தான்."

"மாமா, காலையில கேட்டப்போ நடப்பேன், உக்காருவேன்னு மட்டும்தானே சொன்னீங்க?"

"வயசாச்சும்மா, மறந்துபோச்சு. ஒடையுதா?"

சிலிண்டரை ஏற்றினாள். மெலிந்த ஓரக் கம்பிகள் வரிசையாக அறுந்துபோயின.

"ஒடையுது மாமா."

"அடடா" என்றார். குரலில் அவ்வளவாக வருத்தம் தெரியவில்லை.

ஓரத்தைத் தேற்றினால் நடு விட்டது. நடுவைத் தேற்றினால் மறுபடி உலக்கை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக மூன்றாவது அழைப்பு வந்தது.

"கல்யாண வீட்டு தப்கே ஆட்டத்துல முதல் ஆளே நான்தான் மகளே. குதிச்சுத் தரை அதிர மிதிக்கணும்."

மிதிக்கவிட்டாள். திரை முழுக்கச் சிவந்தது. வாசலில் டாக்டர் நபீல் வந்து நின்றார்.

"முடிஞ்சுதாம்மா? நான் வெளிநாட்டுக்குப் போன் போடவா?"

"ஒரே ஒரு நிமிஷம் டாக்டர்."

அபூ ஹைதம் வீட்டுக்கு அழைத்தாள். மனைவி உம்மு ஹைதம் எடுத்தார்.

"அத்தை, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். மரம், சிலிண்டர் எல்லாம் எப்படியாவது சமாளிக்கறேன். தப்கே மட்டும் வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுங்க."

உம்மு ஹைதம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மரம் ஏறுறது என் தம்பி, சிலிண்டர் தூக்குறது நான், எங்க கல்யாணத்துல தப்கே ஆடினது என் மாமனார். இந்த மனுஷனுக்கு நாற்காலி விட்டு நாற்காலி போறதுதான் வேலை. ஊசின்னா பயம், அதான் உன் கம்ப்யூட்டரு ஆபரேஷனே வேண்டாம்னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன்னு காலையிலேருந்து போனும் கையுமா உக்காந்திருக்காரு."