படிக்கச் சம்பளம்

"படிக்கறதுக்கு நீங்களே மாசம் முப்பத்தேழாயிரம் தருவீங்களா? சொல்றப்பவே உனக்குச் சிரிப்பு வரலயாம்மா?"

பெரியதம்பி போனில் வெளுத்து வாங்கினார். ஆன்லைன் மோசடி பற்றி அவர் கம்பெனியில் போன வாரம்தான் வகுப்பு எடுத்திருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்.

"ஓடிபி கிடைக்காது. உழைச்சுச் சாப்பிடு!"

அந்த எண்ணை பிளாக்கும் செய்துவிட்டு, மகள் ரஞ்சிதாவிடம் பெருமையாகச் சொன்னார்.

"ஐயோ அப்பா! அது பெங்களூரு ஆராய்ச்சி நிலையம்! ஷிப்ட்ல என் போன் லாக்கர்ல கிடக்கும்னு உங்க நம்பரைக் குடுத்தேன்!"

ரஞ்சிதாவுக்கு மூக்கண்டப்பள்ளி கம்பெனி ஒன்றில் பாகங்களில் கீறல் தேடும் வேலை. கண் திறந்தே இருந்தும், மூன்றாவது மணி நேரத்தில் கீறல் ஏன் தெரிவதில்லை? மூளையை ஸ்கேன் செய்து அதைக் கண்டுபிடிக்கும் பிஎச்டிக்குத்தான் விண்ணப்பித்திருந்தாள். உதவித்தொகை இல்லாமல் அவளால் படிக்க முடியாது.

பெரியதம்பி உடனே பிளாக்கை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டார். வாய் வேறு கேட்டது.

"நெசமாவே ஆபீசுதானுங்களா? ஒரு ஐடி கார்டு போட்டோ அனுப்பறீங்களா?"

"அஞ்சு மணிக்குள்ள ஒரிஜினல் சர்டிபிகேட்டோட உங்க பொண்ணு நேர்ல வரணும். இல்லன்னா சீட்டு அடுத்த ஆளுக்கு." போன் படாரென்று வைக்கப்பட்டது.

மணி இரண்டரை. மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். மாநில எல்லையான அத்திப்பள்ளியில் லாரிகள் அசையவில்லை.

"எனக்குச் சுருக்கு வழி தெரியும்" என்று சந்துக்குள் திருப்பினார். சந்து ஒரு கம்பெனி மதிலில் முட்டி நின்றது. திரும்பி வருவதற்குள் பின்னால் ஒரு டெம்போ வழியை அடைத்துக்கொண்டது.

"அப்பா, தயவுசெஞ்சு இனிமே எனக்கு உதவி பண்ணாதீங்க" என்று ரஞ்சிதா அழுதாள். அவருக்கும் அழுகைதான் வந்தது. மகளின் படிப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோமே!

ஒருவழியாக டெம்போ நகர்ந்து, இருவரும் அலுவலகத்துக்குள் ஓடியபோது மணி நாலு ஐம்பத்தாறு. மேசையில் நாகம்மா என்ற குமாஸ்தா.

"அம்மா, நான்தானுங்க போன்ல திட்டினவன். எம் பொண்ணு மேல கோவப்படாதீங்க."

"ஓ, ஓடிபி சாரா? உட்காருங்க."

நாகம்மா பாரத்தை ரஞ்சிதாவின் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடும்மா. இருந்தது ஒரே சீட்டு, லிஸ்டுல நீ மூணாவது. உனக்கு மேல இருந்த ரெண்டு பேரும் அப்பா நம்பரைத்தான் குடுத்திருந்தாங்க. அந்த அப்பாங்க இன்னும் பிளாக்கையே எடுக்கல."