தீ ஏரிக்கு ஒரு சம்மன்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காடும் காவலிருந்த கனல்நாட்டில் பெரிய மலை ஒன்று இருந்தது. அதன் உச்சியில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் தண்ணீருக்குப் பதிலாகத் தீக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மக்கள் அதைத் தீ ஏரி என்றார்கள். அந்த நாட்டில் எவருக்கும் அஞ்சாமல் வாயைத் திறந்து வைத்திருந்தது அந்த மலை மட்டும்தான் என்பதால் அதற்கு வாய்மலை என்று பெயர் விழுந்திருந்தது.

கனல்நாட்டில் அரசர் உண்டு, தேர்தலும் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் கூடி அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். மாமன்னர் நெடுங்கோனாரை இரண்டு முறை தேர்ந்தெடுத்தாகிவிட்டது. மூன்றாம் முறை நெருங்கிக்கொண்டிருந்தது.

மலை உச்சியில் இருந்த கண்காணிப்பு நிலையத்துக்குத் தலைவி வேண்மாள். கடல் கடந்து போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவள். அதிகம் பேசமாட்டாள்; பேசினால் நேராகப் பேசுவாள். காலையில் எழுந்ததும் பள்ளத்தின் விளிம்புக்குப் போய், கோணமானியை நிறுத்தி, ஏரி எவ்வளவு கீழே கிடக்கிறது என்று கணக்கிடுவாள். பாதரசக் கிண்ணத்தைத் தரையில் வைத்து அதன் நடுக்கத்தைப் பார்ப்பாள். காற்றில் கந்தக நெடி கூடியிருக்கிறதா என்று முகர்வாள். கண்டதை எழுதிக் கீழே அனுப்புவாள். அதை அவள் தம்பி தும்பையன் தலைநகரிலும் அடிவாரத்து ஊரான மலையடியிலும் முரசடித்துப் படிப்பான். நல்ல குரல் அவனுக்கு. அந்தக் குரலுக்காகவே அரண்மனை அவனை வேலைக்கு வைத்திருந்தது.

அந்த ஆண்டு கோடையில் ஏரி ஏறத் தொடங்கியது. முதலில் வேண்மாள் தன் கருவியைத்தான் சந்தேகப்பட்டாள். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஏரி ஏறித்தான் இருந்தது. "தீ ஏரி உயர்கிறது, மலையடி மக்கள் விழிப்போடு இருக்கவேண்டும்" என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் தும்பையன் முரசடித்தது வேறு. "மாமன்னர் நல்லாட்சியில் தீ ஏரி வளர்ச்சி அடைந்துள்ளது!"

மலையடி மக்கள் கை தட்டினார்கள். வளர்ச்சி என்ற சொல் காதில் விழுந்தால் கை தட்டிப் பழகியவர்கள் அவர்கள்.

வேண்மாள் மலையிறங்கி வந்து தம்பியைப் பிடித்தாள்.

"என்னடா இது? நான் எழுதினது என்ன, நீ படிச்சது என்ன?"

"அக்கா, எழுதுறது அவங்க, படிக்கிறது நான். 'உயர்வு'ன்னா ஜனங்க பயப்படுவாங்களாம். அமைச்சரே கைப்பட மாத்தினாரு."

"பயப்படணும்னுதானடா எழுதினேன்!"

தும்பையன் முரசின் வாரை இறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்தான். 

அவன் சொன்ன அமைச்சர் சீர்த்தியார். அமைதித்துறை அவருடையது. நாட்டில் அமைதி குறைந்தால் அமைதி என்ற சொல்லைக் கூட்டுவது அத்துறையின் பணி. வேண்மாள் நேரே அவரிடம் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்று, நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அம்மையாரின் தொண்டினை மாமன்னர் பெரிதும் மெச்சுகிறார். ஆனால் ஏரியின் உயரம் என்பது ஒரு கருத்து. நாட்டில் கருத்து வேற்றுமைக்கு இடமுண்டு. தேர்தல் முடிந்த பிறகு."

"ஐயா, அது கருத்து இல்லை. எட்டிப் பார்த்தாலே தெரியும்."

"அப்படியானால் எட்டிப் பார்ப்பதுதான் சிக்கல்" என்றார் சீர்த்தியார், ஏதோ பெரிய உண்மை பிடிபட்டவரைப் போல.

அந்த வாரமே ஓர் ஆணை வந்தது. மலையைப் பார்த்த சன்னல்கள் மக்கள் மனத்தில் வீண் கலக்கம் உண்டாக்குவதால் அவற்றைச் செங்கல் வைத்து அடைக்கவேண்டும். அடைத்தார்கள். வீடுகளுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. அடுத்து மலை சாம்பலைத் தூவ ஆரம்பித்தது. அதற்கும் ஆணை வந்தது. வானிலிருந்து பொழிவது மலையரசன் தரும் ஆசிப்பொடி. அதைக் கூட்டிப் பெருக்குவது அவமதிப்பு. பெருக்காமல் விட்டார்கள். வாழைத்தோட்டக்காரி காத்தாயியின் மாட்டுக்கொட்டகை சாம்பல் பாரம் தாங்காமல் சரிந்தது. கன்றுக்குட்டியைக் கையால் தோண்டி எடுத்தாள். குழந்தைகள் இருமின. பொது இடத்தில் தொண்டையைச் செருமுவது அரசை விமரிசிக்கும் முன்னேற்பாடு என்று மூன்றாவது ஆணை வந்தபோது, மக்கள் இருமலை முந்தானையில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

வேண்மாள் எழுதுவதை நிறுத்தவில்லை. அதனால் சட்டத்துறை தலையிட்டது. நெடுங்கோனார் முடிசூடிய நாளில் இருந்த மட்டமே ஏரியின் சட்டப்படியான மட்டம் என்றும், அதைத் தாண்டி ஏறியது ஏரியின் குற்றம் என்றும் தீர்மானித்து, ஏரிக்குச் சம்மன் அனுப்பினார்கள். குறித்த நாளில் நேரில் வந்து விளக்கம் தரவேண்டும். கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் பொறுப்பு வேண்மாளுடையது.

சம்மனோடு வந்த எழுத்தர் விளிம்பிலிருந்து வெகுதூரத்தில், மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார். வேண்மாள் போய்ச் சம்மனை உள்ளே விட்டெறிந்துவிட்டுத் திரும்பினாள்.

"வாங்கிக்கொண்டதா?"

"வாங்கிக்கொண்டது."

"கையெழுத்து?"

"போடவில்லை."

"மறுப்பு" என்று எழுதிக்கொண்டு எழுத்தர் இறங்கிப் போனார்.

வேண்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே விளிம்பைச் சுற்றி நடந்தவள் தெற்குப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். பாறையில் ஒரு வெடிப்பு. அவள் கை நுழையும் அகலம். உள்ளிருந்து சூடு முகத்தில் அடித்தது. தெற்கே, நேர் கீழே, மலையடி. அடைத்த சன்னல்களோடு கண்ணை மூடிக்கொண்டிருப்பதுபோல ஊர் கிடந்தது. சந்தைக்குப் போகும் வண்டிகள் எறும்பு மாதிரி தெரிந்தன.  அப்படியே உட்கார்ந்தாள். பள்ளத்தின் இந்தத் தெற்குச் சுவர் அதிக நாள் தாங்காது. தேர்தல் வரை நிச்சயம் தாங்காது.

மறுபடியும் சீர்த்தியாரிடம் ஓடினாள். இந்த முறை நாற்காலி கிடைக்கவில்லை.

"ஊரைக் காலி செய்வதா? வாக்காளர்கள் சிதறிவிட்டால் வாக்கு எங்கே விழும்? அச்சத்தால் ஊரை விட்டுப் போகிறவர் மலைத்துரோகி என்று இன்று காலைதான் ஆணையிட்டோம். ஆற்றுப் பாலத்தில் காவலும் போட்டாயிற்று."

அரண்மனை வாசலுக்கு வந்து நின்றாள். எதிரே ஆட்கள் ஏணி வைத்து மன்னர் படத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சேர்க்க வண்டி வண்டியாய் ஆட்கள் வேண்டும் என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். வேண்மாள் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். இந்த அரசால் 'ஓடுங்கள்' என்று சொல்லமுடியாது. 'வாருங்கள்' என்று சொல்லமுடியும். திரும்பி உள்ளே போனாள்.

"ஐயா, யோசித்துப் பார்த்தேன். ஏரியின் வளர்ச்சியை முறையாகக் கொண்டாடவே இல்லையே நாம்?"

சீர்த்தியார் நிமிர்ந்தார்.

"ஆற்றுக்கு அக்கரையில் மேட்டுத்திடல் இருக்கிறது. அங்கே பெரிய பாராட்டு விழா. மலையடி ஊர் முழுக்க வந்து மன்னரை வாழ்த்தவேண்டும். சும்மா வந்தால் போதாது. ஆடு, மாடு, பண்டம், பாத்திரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து தங்கள் செழிப்பைக் காட்டவேண்டும். நோயாளிகளையும் தூக்கி வரட்டும். நாட்டில் நோயே இல்லை என்று தெரியவேண்டாமா?"

"வராதவர்கள்?"

"வராதவர்கள் மலைத்துரோகிகள்" என்றாள் வேண்மாள். சொல்லும்போது நாக்கு கசந்தது.

சீர்த்தியாரின் கண்கள் பனித்தன. "அம்மையாரே, இத்தனை நாள் உங்களைத் தவறாக எண்ணிவிட்டேன்."

விழா மறுநாளே என்று முடிவாயிற்று. அப்படித்தான் யாரையும் வெளியே விடக்கூடாது என்று பாலத்தில் நின்ற காவலர்கள், யாரும் உள்ளே தங்கக்கூடாது என்று வீடு வீடாகத் தட்டத் தொடங்கினார்கள்.

எல்லாரும் கிளம்பினார்கள், காத்தாயி மட்டும் மறுத்தாள். சரிந்த கொட்டகையின் முன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து அந்தத் தெருவே தயங்கியது. காவலர்களாலும் அவளை அசைக்க முடியவில்லை. செய்தி கேட்டு வேண்மாள் ஓடிவந்தாள்.

"கெளம்பு காத்தாயி. நேரமில்ல."

"போங்கம்மா. என் கொட்டாய் விழுந்தப்ப எட்டிப் பாக்காத மகராசனுக்கு நான் வந்து கும்பிடு போடணுமாக்கும்? கொன்னாலும் வரமாட்டேன். நீங்களுமா அவங்களோட சேந்துட்டீங்க?"

வேண்மாள் அவள் அருகே குந்தினாள். காவலன் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்.

"மன்னருக்காக வராதே. தெக்குச் சுவரு வெடிச்சிருக்கு. என் கையை உள்ள விட்டுப் பாத்தேன்."

காத்தாயி அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகள் கன்றிப்போயிருந்தன.  எழுந்து கன்றுக்குட்டியை அவிழ்த்தாள். பிறகு தெருவில் இறங்கி அவள் போட்ட சத்தத்தில் தயங்கி நின்றவர்களெல்லாம் மூட்டையைத் தலையில் ஏற்றினார்கள்.

"ஏய், பாயில கெடக்குற மாமனாரத் தூக்குங்கடா! கோழிக்கூண்ட எவ விட்டுட்டுப் போறவ? விழாவுக்குப் போறோம்டி, வெரசா நட!"

உச்சிவேளைக்கு முன் மேட்டுத்திடல் நிறைந்துவிட்டது. மாடுகள் கத்தின, பாத்திரங்கள் உருண்டன. மேடையில் நெடுங்கோனார் எழுந்தார். படத்தில் அழகாக விழவேண்டும் என்பதற்காக மேடையை மலைக்கு முன்னால் அமைத்திருந்தார்கள். அதனால் அவர் முதுகு மலையைப் பார்த்திருந்தது. மக்கள் முகம் மலையைப் பார்த்திருந்தது.

"என் அன்பு மக்களே! நம் ஆட்சியில் தீ ஏரி அமைதியின் இருப்பிடமாக..."

மக்கள் வாயைப் பிளந்தார்கள். மன்னர் அதைப் பூரிப்பு என்று நினைத்துக் கையை இன்னும் உயர்த்தினார். அவருக்குப் பின்னால் தெற்குச் சுவர் பிளந்து, தீக்குழம்பு மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. மேடை ஆடியது. மன்னர் திரும்பிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்தது. பாதிப்பேர் வீட்டு நினைவில் பாலத்தை நோக்கி ஓடப் பார்த்தார்கள். சீர்த்தியார் தும்பையனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "படி! எழுதிக் கொடுத்ததைப் படி! ஏரி அமைதியாக உள்ளது என்று படி!"

தும்பையன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அக்காளைப் பார்த்தான். தாளைக் கீழே போட்டுவிட்டு முரசை ஓங்கி அடித்தான்.

"எல்லாரும் நில்லுங்க! ஏரி ஒடைஞ்சிருச்சு! பாலத்துப் பக்கம் ஒருத்தரும் போகாதீங்க! மேட்டுல ஏறுங்க, மேட்டுல ஏறுங்க!"

அவன் குரலில் மக்கள் அதுவரை பொய்யைத்தான் கேட்டிருந்தார்கள். ஆனாலும் இப்போது கேட்பது உண்மை என்று எப்படியோ தெரிந்தது. நின்றார்கள். திரும்பி மேட்டில் ஏறினார்கள். காவலர்களும் வேலை மறந்து, கிழவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தீக்குழம்பு மலையடியின் தெருக்களில் புகுந்து, ஒவ்வொரு வீடாக விழுங்கி, ஆற்றில் விழுந்து புகையாக எழுந்தது. பாலம் போயிற்று. காத்தாயியின் தோட்டம் போயிற்று. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. வேண்மாள் தம்பியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். 

மூன்றாம் நாள் அரண்மனை அறிவித்தது: மாமன்னர் தம் தொலைநோக்கினால் முன்கூட்டியே உணர்ந்து மக்களை அக்கரைக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தொலைநோக்குக்கு ஒரு தூணும் நடப்பட்டது.

தேர்தல் மேட்டுத்திடலிலேயே, கூடாரங்களுக்கு நடுவே நடந்தது. நெடுங்கோனார் வந்து வாக்குக் கேட்டார். எதிரணித் தலைவர் ஆராவமுதனும் கேட்டார். காத்தாயி எழுந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான். ஏரி இன்னிக்கு எங்க கெடக்கு?"

நெடுங்கோனார் சீர்த்தியாரைப் பார்த்தார். சீர்த்தியார் வானத்தைப் பார்த்தார். ஆராவமுதன் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியாதும்மா. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்." அவர் வேண்மாளோடு ஓடத்தில் ஆற்றைக் கடந்து மலையேறி, பாதி வழியில் மூச்சு வாங்கி, உச்சியில் எட்டிப் பார்த்து, நடுங்கிப்போய்த் திரும்பி வந்து உள்ளதைச் சொன்னார். மக்கள் அவருக்கே வாக்களித்தார்கள்.

மழை வந்து போனது. அக்கரையில் புது ஊரும் ஆற்றின் மேல் புதுப் பாலமும் எழும்பின. எல்லா வீட்டுக்கும் மலையைப் பார்த்துச் சன்னல் வைத்தார்கள். மறுபடியும் மலையில் வேலையைத் தொடங்கிய வேண்மாள், ஒருநாள் காலையில் விளிம்பில் நிற்கும்போது அரண்மனைப் பல்லக்கு ஒன்று மேலே வருவதைக் கண்டாள். இறங்கியவர் சீர்த்தியார். புது மன்னரின் ஆலோசகராம் இப்போது.

"அம்மையார் நலமா? ஒரு சிறு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை புது மன்னருக்கு முடிசூட்டு விழா. ஏரி மறுபடியும் சற்று ஏறியிருப்பதாகச் சொல்கிறார்கள். அன்று ஒரு நாளைக்கு மட்டும், அந்த அளவைக் கொஞ்சம் குறைத்து..."

வேண்மாள் விலகி நின்றாள். அவளுக்குப் பின்னால் விளிம்பு நெடுக ஆட்கள். கோணமானியில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள் காத்தாயி. அவளுக்கு அடுத்துப் பழைய பாலத்துக் காவலன். அவனுக்குப் பின் தச்சன், மருத்துவச்சி, பால்காரர், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி. புது ஊரில் தினம் ஒரு தெரு மலையேறி ஏரியைப் பார்த்துவிட்டு வருவது என்று ஊரே கூடி முடிவு செய்திருந்தது. இன்று பார்த்ததைச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். தும்பையன் முரசடிப்பது அதற்கப்புறம்தான்.

சீர்த்தியார் அந்த வரிசையை வெகுநேரம் பார்த்தார். "இத்தனை பேருமா பார்க்கிறார்கள்?"

காத்தாயி கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "மன்னருக்குச் சந்தேகமா இருந்தா அவரையும் வரச்சொல்லுங்கய்யா. வெள்ளிக்கெழம எங்க தெருக்காரங்க மொற இல்ல, கொசவர் தெரு. அவங்களுக்குப் பின்னால நிக்கணும். முன்னால யாரையும் விடமாட்டாங்க."