மகேசன் சேர்த்த நற்பெயர்

ஆக்லாந்து வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத் தருவது: கொழும்புத் திறைசேரியில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவரும், தற்போது நகர மையத்தில் கம்பளி ஏற்றுமதி அலுவலகமொன்றில் கணக்கெழுதுபவருமான திரு. மகேசன் அவர்களுக்கு, 1986 மாசி மாதம் கிரெடிட் கார்ட் கிடைத்தது.

அறிவித்தலில் ஒரு சிறு விபரம் விடுபட்டிருந்தது. கணக்கு அவருடையதல்ல. அவருடைய வாடகை வீட்டின் பின்னறையில் குடியிருந்த தவராசா என்ற இளைஞனுடையது. அந்தக் கணக்கில் கார்ட் பாவிக்க அனுமதி பெற்ற இரண்டாவது ஆள்தான் மகேசன்.

எல்லாம் ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் ஒரு வீட்டுக்காக. அங்கே குடியிருந்தால்தான் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் நல்ல பள்ளிக்கூடம். வங்கியில் கடன் கேட்டார். இதற்கு முன் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு ஏதும் உண்டா என்று கேட்டார்கள்.

"ஒரு சதம் கடன் படாத மனுசன் நான்," என்றார் மகேசன், பதக்கத்தைக் காட்டுபவர்போல.

அதனால்தான் தரமுடியாது என்றார்கள். கார்டும் தரவில்லை.

தவராசாவுக்கு மட்டும் கார்ட் எப்படி வந்தது? இரண்டு வருடத்துக்கு முன் தவணைக் காசில் டிவி வாங்கி, ஒழுங்காகக் கட்டி முடித்தவன் அவன். "கடனில படம் பாக்கிறது மானக்கேடு தம்பி," என்று அன்று மகேசன் ஒரு மணி நேரம் புத்தி சொன்னார், அந்த டிவியைப் பார்த்தபடியே.

"ஓம் அண்ணை," என்றான் தவராசா. அவன் அதிகம் கதைப்பதில்லை.

மகேசனின் திட்டம் எளிது. "கார்டில நிறைய வாங்குவன். நாள் தவறாமல் நானே கட்டுவன். ஒரு வருசத்தில என்ரை பேர் பளபளக்கும்."

"ஓம் அண்ணை."

"இஞ்சேருங்கோ, கணக்கு அந்தத் தம்பியின்ரை எல்லோ?" என்றாள் மனைவி யோகராணி.

"உமக்கு இதெல்லாம் விளங்காது. கார்டில ஆரின்ரை பேர் அடிச்சிருக்கு, பாரும்."

மகேசன் என்றுதான் அடித்திருந்தது.

பெற்றோல், சப்பாத்து, பிள்ளைகளின் பல் வைத்தியம் எல்லாம் கார்டில் போயின. பளபளப்புப் போதவில்லை என்று மகேசனுக்குப் பட்டது. சனிக்கிழமைகளில் மளிகைக் கடை வரிசையில் நின்றுகொண்டார். "காசை என்னட்டைத் தாங்கோ, நான் கார்டில போடுறன்," என்று ஊராரின் அரிசிக்கும் பருப்புக்கும் கையெழுத்து வைத்தார்.

அவர்களில் விநாயகமூர்த்தி என்பவர் மகேசனின் கார்டில் நான்கு டயர் வாங்கினார். காசு வாற கிழமை என்றார். ஐந்து கிழமைகள் வந்துபோயின. கட்டவேண்டிய நாளும் வந்தது. வீட்டுக்கென்று சேர்த்து வைத்ததில் எடுத்துக் கட்டினார் மகேசன். அடுத்து குணரத்தினத்தின் பிரிட்ஜ். அதுவும் அப்படியே.

வங்கி மகிழ்ந்து கார்டின் உச்சவரம்பை இரட்டிப்பாக்கியது.

"பாத்தீரோ, என்னை எப்பிடி மதிக்கிறாங்கள்?"

கடிதம் தவராசாவின் பெயருக்கு வந்திருந்தது.

மறு ஆண்டு எப்சத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. தன் ரசனைக்குச் சாட்சியாகத் தவராசாவையும் கூட்டிப்போனார் மகேசன். அவர் கூடத்தின் விசாலத்தைப் புகழ்ந்து கொண்டிருக்க, தவராசா குழாய்களைத் திறந்து பார்த்தான். குனிந்து தரைக்கடியில் டோர்ச் அடித்தும் பார்த்தான்.

"பிடிச்சிருக்கோ தம்பி?"

"ஓம் அண்ணை."

கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வங்கிக்குப் போனார். அங்கே வேலை பார்த்த குசும் என்ற பீஜித் தீவுப் பெண் கோப்பைப் புரட்டிவிட்டு, ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னாள். "உங்கள் பெயரில் பதிவு ஒன்றும் இல்லை, சார்."

மகேசன் கார்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஓ, இந்தக் கணக்கா? அருமையான கணக்கு. ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. ஆனால் நீங்கள் கட்டியதெல்லாம் கணக்குக்காரர் பெயரில்தான் ஏறும். உங்களுக்குப் பாவிக்க மட்டும்தான் அனுமதி." மறுபடி கோப்பைப் பார்த்தாள். "உங்கள் சேமிப்பும் போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறது."

வீட்டுக்கு வந்தவர் கழுத்துப்பட்டியைக்கூடக் கழற்றாமல் டிவிக்கு முன் உட்கார்ந்தார். யோகராணி தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள். பின்னறையிலிருந்து தவராசா வந்து நின்றான்.

"அந்த வீட்டை இனி ஆரோ ஒருத்தன் வாங்கப்போறான், தம்பி. பிள்ளையளின்ரை பள்ளிக்கூடமும் போச்சு."

"பள்ளிக்கூடம் போகாது அண்ணை," என்றான் தவராசா. அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. "வீட்டை நான் வாங்கியிட்டன், முன்பக்கம் மூண்டு அறையும் உங்களுக்கு வாடகைக்கு, காசாத் தந்தாக் காணும், கார்ட் வேண்டாம்."