மோர் வராத விருந்து

“...கதவு மாதிரியே இருக்கக் கூடாதுண்ணே, அதுதான் இந்தக் கடைக்கே பெருமை” என்று சொல்லிக்கொண்டே என் தம்பி சேவியர், பெங்களூரில் ஒரு சலவைக் கடையின் உள்சுவரைத் தள்ளினான். சுவர் திறந்தது. நான் நன்னிலத்தில் உரக்கடை வைத்திருப்பவன். போர்டு மாட்டாமல் வியாபாரம் செய்கிறவன் ஒன்று கலப்பட உரம் விற்பான், இல்லையென்றால் சாராயம் விற்பான் என்பது என் அனுபவம். இது இரண்டாவது வகை என்று உள்ளே போனதும் தெரிந்தது. பச்சை மீன் கூடுதல்.

நான் பெரிய வாயாடி. கல்யாண வீடோ பஞ்சாயத்தோ, என்னைப் பேச விட்டால் பந்தலைப் பிரித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவனை அன்று ஒரே ஒரு சேதி சொல்லிவர அனுப்பினார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அப்பா இன்றோ நாளையோ என்று கிடக்கிறார், ‘சின்னவன் வந்துட்டானா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே கிளம்பு. அவ்வளவுதான்.

போனில் சொல்லக் கூடாது என்று அக்கா ரீத்தா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். “அவன் பதறிப்போயி ராத்திரில தானே வண்டிய ஓட்டிக்கிட்டு வருவான். நீ நேர்ல போயி, ஒரு கார் வச்சுக் கூட்டிக்கிட்டு வந்துரு.” மஞ்சள் பையில் ஒரு வேட்டியைத் திணித்துக்கொண்டு விடிகாலையில் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் ஒரே கும்மாளம். “நல்ல நாள்ல வந்திருக்கண்ணே! கனடா விசா வந்துருச்சு. எதுவும் பேசாத, முதல்ல சாப்பாடு!”

சரி, சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். கோழைத்தனம் என்று சொல்லாதீர்கள் (கோழைத்தனம்தான்). ஆனால் அது எங்கள் வீட்டுச் சட்டமும்கூட. அப்பாவுக்கு அவருடைய அண்ணன் செத்த சேதியை யாரோ மோர்ச்சோற்றுக்கு நடுவில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சோறு பல நாள் தொண்டையிலேயே நின்றது என்பார். அன்றிலிருந்து, “எமனே வந்தாலும் கை கழுவுற வரைக்கும் வாசல்ல நிக்கட்டும்” என்பார். (நாங்கள் கத்தோலிக்கர்கள். ஆனால் எமன் எல்லாருக்கும் பொது.)

அந்தச் சுவருக்குப் பின்னால், சவப்பெட்டிக் கடை மாதிரி இருட்டு. நீளமான மரப்பலகைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கத்தியோடு ஒரு மணிப்பூர்க்காரர். உட்கார்ந்ததுமே சூடான ஈரத்துண்டு கொடுத்துக் கை துடைக்கச் சொன்னார்கள். பின்னால் கழுவும் உத்தேசம் யாருக்கும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் ஒரு பிடி சோற்றை விரலால் அழுத்தி, மேலே ஒரு துண்டு மீனைப் போர்த்திக் கறுப்புக் கல் தட்டில் வைத்தார். நான் சிலுவை போட்டு, ஜெபம் சொல்லி விழுங்கினேன். அவ்வளவுதான் போலிருக்கிறது, பாவம், சின்னக் கடை என்று நினைத்துக்கொண்டு, “தம்பி, அப்பா வந்து...” என்று ஆரம்பித்தேன். தட்டில் அடுத்தது வந்துவிட்டது.

சோறு முன்னால் இருக்கிறது, வாயை மூடினேன். சிலுவை போட்டேன். விழுங்கினேன். “தம்பி...” இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் சிலுவை போட்டதில், ஏழாவதுக்குச் சமையல்காரரும் எனக்குத் தலை குனிந்து வணக்கம் வைத்தார். இது எங்கள் ஊர் மரியாதை என்று நினைத்திருப்பார்.

எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கு முடிவு உண்டு. மோர் வந்தால் பந்தி முடிந்தது. அதற்காகத்தான் காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளையாக, கலங்கலாக ஒன்று வந்தது. மாதாவே, மோர்! ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “தம்பி, மனச திடப்படுத்திக்க” என்று நிமிர்ந்தேன். நெஞ்செல்லாம் தீ. அரிசியில் வடித்த சாராயமாம். சாராயம் தொடமாட்டேன் என்று வேளாங்கண்ணியில் சத்தியம் செய்தவன் இருமி இருமிக் கண்ணீர் விட்டேன். நல்லவேளை, அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அக்காதான். எடுக்கவில்லை.

அப்பாவைப் பார்த்தோமா என்றால், பார்த்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். “விடியுற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாருடா” என்றாள் அக்கா. நாங்கள் போனபோது பேச்சு நின்றிருந்தது. தம்பியின் கையைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. சாயங்காலம் அதையும் விட்டுவிட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எனக்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி, “கை கழுவிட்டியா?” என்பதுதான். கனடாவில் தம்பிக்குக் குழந்தை பிறந்த சேதியே எனக்கு அப்படித்தான் வந்தது. எல்லோரும் சிரிப்பார்கள். மூன்று மணி நேரம் மீன் தின்ற மடையன் என்ற பட்டத்தோடு நானும் சிரிப்பேன். அந்த விருந்து எப்படி முடிந்தது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. (இப்போது எழுதுகிறாயே என்றால், அக்கா கண்ணாடி போடாமல் எதையும் படிக்க மாட்டாள். கண்ணாடி எங்கே என்று அவளுக்குத் தெரியாது.)

பத்தரை மணி இருக்கும். பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிட்டன. “முடிஞ்சிதாடா?” என்று கேட்டேன்.

“இன்னும் ஒண்ணு சொல்லியிருக்கேன்.”

அப்போதுதான் அவன் தட்டைப் பார்த்தேன். கடைசியாக வைத்ததை அவன் தொடவே இல்லை. அதற்கு முன்னால் வைத்ததையும்.

“அரிசி மூட்டை இல்லாம நீ பெங்களூருக்கு வந்ததே இல்லண்ணே” என்றான், தட்டைப் பார்த்தபடியே. “மஞ்சப் பையோட நின்ன பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு. சோறு முன்னால இருக்கிற வரைக்கும் நீ சொல்ல மாட்டேல்ல. அதான் சமையல்காரர்கிட்ட இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு...”

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் முன்னால் சோறு இருந்தது.

“இருக்காரா?” என்று கேட்டான்.

“இருக்காருடா. உன்னத்தான் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

சேவியர் தண்ணீர்க் கிளாஸை எடுத்தான். சமையல்காரர் பார்க்கப் பார்க்க, அந்தக் கறுப்புக் கல் தட்டிலேயே, மீதிச் சோற்றின் மேலேயே, வலது கையைக் கழுவினான்.