தடுத்தாட ஒரு பலகை

கற்பிட்டி,
புதன்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

மதிப்புக்குரிய மச்சான் ஸப்ராஸுக்கு ஹயாத்து முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது: அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். கொழும்பில் நீயும் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் துஆச் செய்கிறேன். இந்த விஷயத்தைக் கைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய், அந்தச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும், அங்கே நிற்கிற உன் உடன்பிறந்த ராத்தா அஸ்ரியா எனக்குச் சோறு போடமாட்டாள். ஆகவே எழுதி, நாளைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான். மேசைப்பந்து மட்டைக்கு, றப்பர் ஒட்டுவதற்கு முன் இருக்கும் வெறும் பலகை ஒன்று எனக்கு அவசரமாக வேண்டும். அடித்தாடும் பலகை அல்ல, தடுத்தாடும் பலகை. என் மகள், உன் மருமகள் அக்கீலாவின் கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை கனமூலை சாஹுல் ஹமீது ஹாஜியார் தன் மகனையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் மூஞ்சியைச் சுழித்த நம்மட அக்கீலா, இந்தப் பொடியனுக்கு மட்டும் கேட்காமலே இரண்டாம் தரமும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. அப்போது ஹாஜியார், "இந்தப் பக்கம் மேசப்பந்து ஆடுற எடம் ஏதும் ஈக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், மச்சான். என் வாய் சும்மா கிடந்ததா? மேசை போட்டிருக்கிற வாசிகசாலைக்குக் கூட்டிப்போனேன். மனுஷன் ஒரு பந்தை உயரமாகப் போட்டார். உயரமான பந்தைக் கண்டால் என் கை என்னிடம் கேட்டுக்கொண்டா அடிக்கும்? விட்டேன் ஒரு அடி, பந்து நேரே அவர் நெற்றியில் பட்டு, தொப்பி கழன்று தரையில் விழுந்தது. குனிந்து எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, "நல்ல அடி. வாற வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு இன்னொருக்கா ஆடுவம். மத்த கதையெல்லாம் அப்ப கதைப்பம்" என்று சொல்லி, வீட்டில் எடுத்துவைத்த வட்டிலப்ப இனிப்பைத் தொட்டும் பார்க்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டில் நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கடதாசி பற்றாது. "மாப்புளட வாப்பாட நெத்தியிலயா அடிப்பீங்க? வெள்ளிக்கிழம ஒங்கட கைய மேசைக்கு மேல தூக்கப்படாது. வாற பந்த மெதுவா திருப்பிக் குடுங்க, அது போதும்!" என்றாள் அஸ்ரியா. அப்படியானால் பேசாமல் தோற்றுவிடுகிறேன் என்றேன். உடனே அறைக்குள்ளிருந்து அக்கீலா, "வேணுமெண்டு தோத்தா அவருக்கு வெளங்கிரும் வாப்பா. அவருட ஊருல ஒராள் அப்பிடித் தோத்துட்டாரெண்டு ரெண்டு பெருநாளைக்கு அவரோட கதைக்கல்லயாம்" என்றாள். இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதிலும் தெரிந்துவிடும். பிள்ளையின் மனம் அங்கே போய்விட்டது, மச்சான். இந்த இடம் தவறிப்போனால் என் கையை நானே மன்னிக்கமாட்டேன். ஆகவே அடிக்கவும் கூடாது, தோற்கவும் கூடாது. என்னிடம் இருப்பதோ காபன் இழை வைத்த பலகை. சும்மா காட்டினாலே பந்து பறக்கும்.

புத்தளம் டவுனில் ஒரு கடைக்காரரிடம் போனேன். "எல்லாரும் அடிக்கத்தான் கேக்கிறாங்க, நிண்டு தடுக்க ஒருத்தரும் வாறல்லயே" என்று கவலைப்பட்டார். ஆனாலும் நல்ல மனிதர், விளக்கம் சொன்னார். தடுப்பவருக்குப் பலகையின் முகம் அகலமாக இருக்க வேண்டுமாம், மரம் மெத்தென்றும் வேகம் குறைவாகவும் இருக்க வேண்டுமாம், தனி மரத் தட்டுகளை ஒட்டியதாக, காபன் இல்லாததாக இருக்க வேண்டுமாம். கடையில் அப்படி ஒன்று மட்டும்தான் இல்லையாம். அதனால் ஆலங்குடாவுக்குப் போய், கடல் போட் திருத்துகிற ஜப்பாரிடம் சொன்னேன். அவன் அல்பீசியா மரத்தை மெல்லிசாகச் சீவி ஒட்டி, அருமையாக ஒன்று செய்தான். பந்தைப் போட்டுப் பார்த்தேன், விருந்தில் சஹன் சோறு தின்ற மனுஷன் போல எழும்ப மனமில்லாமல் படுத்துவிட்டது. சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடித்தேன். பிடியை மட்டும் கொஞ்சம் தேய்த்து வை, நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேதான் பிழை நடந்தது. மறுநாள் போனால், பலகைக்கு இரண்டு பக்கமும் கடல் போட்டுக்குப் பூசுகிற மாதிரி ஃபைபர் பூசி, நீலப் பெயின்ற் அடித்து, ஓரத்தில் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி வெயிலில் காய வைத்திருக்கிறான்! "வெறும் மரத்தக் குடுத்தா உப்புக்காத்துக்கு ஒரு மாசம் தாங்குமா, நானா? இப்ப கடல்ல போட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது" என்கிறான். மேசைப்பந்தைக் கடலிலா ஆடப்போகிறேன்? ஆசையோடு செய்தவனை ஏசவும் முடியவில்லை. றப்பர் ஒட்டி வாசிகசாலையில் ஆடிப் பார்த்தேன். கல்லு மாதிரி ஈக்கி மச்சான்! தொட்ட பந்து ஜன்னலால பாய்ஞ்சி, றோட்டுல போன மீன்காரன்ட தராசுத் தட்டுல விழுந்திச்சி. அவன் அதையும் சேத்து நிறுத்துட்டான்.

ஆகவே மச்சான், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். முகம் அகலமான, மெத்தென்ற, ஆக மெதுவான பலகையாகப் பார்த்து வாங்கி, நாளை திரும்பும் அதே பஸ்ஸில் அனுப்பிவிடு. எல்லா ஆட்டத்துக்கும் பொருந்தும் என்று எதையாவது தந்தால் வாங்காதே. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால், சம்பந்தம் பேசுகிற ஆளுக்கு என்று சொல், கல்யாணம் கட்டினவர் என்றால் அவருக்கு விளங்கும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். உனக்கு றஹ்மானான அல்லாஹ் நீண்ட ஆயுளும், நல்ல தொழிலும், பெண் பிள்ளைகளின் வாப்பாவுக்கு வேண்டிய பொறுமையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ஹயாத்து முகம்மது.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் தன் மனைவியோடு வந்து இறங்கினார். கையில் இரண்டு மட்டைகள், இரண்டும் தடுத்தாடுகிறவை! "ஒங்கட அடிய நெனச்சி அஞ்சு நாளா பயம், வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுக்க ஏலாம வந்துட்டன். எனக்கு ஒண்டு வாங்கின கையோட ஒங்களுக்கும் ஒண்டு வாங்கிட்டன். பொண்ணுட வாப்பாவோட சண்டித்தனம் காட்டப்படாதெண்டு ஊட்டுலயும் செல்லிட்டாங்க" என்றார். போய் ஆடினோம். அவர் தள்ளினார், நான் தள்ளினேன், அவர் தள்ளினார், நான் தள்ளினேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லியும் முதல் செட் முடியவில்லை. வீட்டுக்கு வந்தால், பொம்பிளைகள் இருவரும் கதைத்து, நிக்காஹ்வுக்கு நாளும் குறித்து, அக்கீலாவின் கையில் மோதிரமும் போட்டு முடித்திருந்தார்கள். எங்களை ஒருவரும் தேடவே இல்லை. ஆகவே மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்காதே. கடையில் இருப்பதிலேயே ஆக வேகமான பலகையாக வாங்கி அனுப்பு. மாப்பிள்ளை நிக்காஹ்வில் சம்மதமென்று கபூல் சொல்லும் வரைக்கும்தான் நான் தடுத்தாடுவேன்.