சொரசொரப்பு

கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. காரில் போகிறவர்கள் ஒரு வகை. காரைத் துடைக்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டாவது வகை எப்போது போனாலும் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். திருவொற்றியூரில் ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள்.

எத்திராஜ் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். விரலால் ஓர் அழுத்து அழுத்தியே மீன் இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட கையில் போன வருஷம் யாரோ, காரின் பெயிண்டைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் கிளே பார் என்னும் களிமண் கட்டியைக் கொடுத்துத் தொலைத்தார்கள். அன்றோடு அவர் மனைவி புஷ்பவல்லியின் ஞாயிற்றுக்கிழமைகள் பாழாயின. விடிந்ததும் ஷாம்பு போட்டு வண்டியைக் கழுவி, சின்னத் துகளும் விரலுக்குத் தட்டுப்படட்டும் என்று பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பானெட்டைத் தடவி, உப்புக் காற்றும் டிரெய்லர் லாரிகளும் பெயிண்டில் ஒட்டிவிட்டுப் போன சொரசொரப்பைக் கண்டுபிடித்து, சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, கட்டியைத் தட்டையாக்கி நீட்டுவாக்கில் தேய்த்து, அழுக்கேறிய பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, மறுபடியும் தேய்த்து, மெழுகு பூசி நிமிரும்போது மதியச் சோறு ஆறிப்போயிருக்கும். சரி, இனி வண்டியில் ஏறலாமா? அதெப்படி? வெளியே எடுத்தால் தூசி படியுமே. வண்டிக்கு உறையைப் போட்டு மூடிவிட்டு, குடும்பம் ஷேர் ஆட்டோவில் போகும்.

இவர் மகள் கீர்த்தியைப் பெண் பார்க்க முகத்துவாரக்குப்பத்திலிருந்து டில்லிபாபு குடும்பம் வந்தது. நல்ல இடம். சொந்தப் படகு, பையன் பிரகாஷுக்குத் துறைமுகத்தில் வேலை. இந்தச் சம்பந்தமாவது கைகூட வேண்டுமென்று புஷ்பவல்லி வேண்டாத சாமி இல்லை.

"அவுங்க வண்டி கிட்ட மட்டும் போவாத. உன் கால்ல வேணா வுழறேன்" என்று காலையிலேயே புருஷனிடம் சொல்லிவைத்தாள். அவரும் தலையை ஆட்டினார்.

கேசரி சாப்பிட்டானதும் டில்லிபாபுவும் எத்திராஜும் காற்றாட வாசலுக்கு வந்தார்கள். அங்கே டில்லிபாபுவின் வெள்ளைக் கார் நின்றிருந்தது. எத்திராஜின் சட்டைப்பையிலிருந்த பிளாஸ்டிக் கவர் எப்படியோ கைக்கு வந்துவிட்டது.

"இன்னா மாமு, உன் பெயிண்டு நேத்து மீனு மாரி கீது."

ஏலம் விடுகிற குரல். தெருவே கேட்டது. உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த புஷ்பவல்லி டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். படகுக்காரரைப் பார்த்து நேற்றைய மீன் என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் அந்தக் கரையில் உண்டா? எல்லாம் போச்சு என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யார் வண்டிய இன்னான்ற?" டில்லிபாபு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நா சொல்ல வாணாம். கவர்ல கைய வுட்டு நீயே பாரு."

பார்த்தார். கண்ணை மூடித் தடவினார். "ஆமா மாமு, மண்ணு மாரில்ல கீது" என்றபோது குரல் இறங்கியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் புஷ்பவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பானெட்டில் பாதி பளபளத்தது. மீதியை எத்திராஜின் கட்டியால் டில்லிபாபு தேய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வெளியே ஓடிய மாப்பிள்ளைப் பையன், "நைனா, இங்க இன்னும் சொரசொரன்னு கீது, குடு" என்று கட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சாமி காப்பாத்திச்சி. நமக்குன்னே செஞ்ச எடம்டி" என்று மகளின் காதில் சொன்னாள்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்த கீர்த்தி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளை இன்னும் யாரும் சரியாகப் பார்த்தபாடில்லை.

"எனக்கு வாணாம்மா" என்றாள். "ஆயுசுக்கும் நீ ஆட்டோல போறது பத்தாதா?"

சம்பந்தம் அதோடு சரி. தகப்பன்மார் இருவரும் மட்டும் ஞாயிறுதோறும் சேர்ந்து தேய்க்கிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் காரும் இல்லை, கட்டியும் இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டே வந்தபோது இந்தத் தாளில் ஒரு சின்னப் புள்ளி தென்பட்டு, அது அச்சா அழுக்கா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தீர்களா? இல்லையா? இப்போதுதான் தேடுகிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் தலையை நிமிர்த்துங்கள். உங்கள் வீட்டில் யாரோ கிளம்பி, வாசலில் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்கள்.