ஏழாம் நம்பர் அறையின் ரொட்டி ஏணி

"ஒரு கட்டில் இருந்தாப் போதும் தம்பி. நாளைக்கு மத்தியானம் கிளம்பிருவேன்."

வாசலில் நின்றவர் இதைச் சொன்னபோது பொட்டோசி நகரத்துக் கோயில் மணிகள் எல்லாம் சேர்ந்து மத்தியானம் பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தன. சபீனா விடுதியின் மேனேஜர் எவாரிஸ்தோ அப்போதே 'இடமில்லை' என்று கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அந்தத் தொழிலுக்கு முக்கியமான அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்கு ஜென்மத்தில் வந்ததில்லை.

"எல்லா ரூமும் ஃபுல்லுங்க ஐயா," என்று இழுத்தார். "நாளைக்குக் கல்லறைத் திருநாள் பாருங்க. வேற எங்கயாவது..."

"வேற எங்கயும் நான் கேக்கல. நேரா இங்கதான் வந்தேன்."

சொல்லிவிட்டு அந்த மனிதர் இருமினார். அடி நெஞ்சிலிருந்து கிளம்பி, நிற்கவே மறந்துபோன இருமல். வெளியே காற்று ஐஸ் துகள்களை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எவாரிஸ்தோவுக்கு மனசு கேட்கவில்லை.

"அதோ, ஏழாம் நம்பர் சாவி தொங்குதே," என்றார் வந்தவர்.

அதுதான் வினை. ஏழாம் நம்பர் காலிதான், ஆனால் காலி இல்லை. அங்கே விடுதிக்காரி சபீனாவின் செத்துப்போன புருஷன், சுரங்கத் தொழிலாளி கசிமிரோவுக்குப் படையல் போட்டிருந்தது. செத்து மூன்று வருஷம் வரைக்கும் வீட்டில் மேசை போடுவது ஊர் வழக்கம். செத்தவர்கள் திருநாளுக்கு முதல் நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்தால் மறுநாள் பன்னிரண்டுக்குப் போய்விடுவார்கள். கசிமிரோவுக்கு இது மூன்றாவது வருஷம், கடைசி மேசை. வேர்க்கடலை சூப், பனியில் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்கு, ஊன்றி நடக்க ஒரு கரும்பு, வானத்துக்குத் திரும்பி ஏற ரொட்டியில் செய்த ஏணி, அவருடைய பழைய தொப்பி. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு ஈ உள்ள போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சபீனா பக்கத்துத் தெருவில் யார் வீட்டுப் படையலுக்கோ ஜெபம் சொல்லப் போயிருந்தாள்.

ஈ போவது இருக்கட்டும். எவாரிஸ்தோவின் கல்யாணமே அந்த அறையில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி தங்க வந்த எவாரிஸ்தோ, ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணினார், அப்புறம் கணக்கு எழுதினார், அப்படியே மேனேஜராகி, சபீனாவைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவராகவும் ஆகிவிட்டார். போன மாதம்தான் தைரியம் வந்து கேட்டார். 

"மூணாவது மேசை முடியட்டும்," என்றாள் சபீனா. "கசிமிரோ கலாட்டா பண்ணாம நிம்மதியாக் கிளம்பிட்டா, கல்யாணம். ஏதாவது குறி காட்டினா, இல்ல. இன்னொண்ணு. அந்த மனுஷன் வாயைத் திறந்தாப் பொய். இன்னொரு பொய்க்காரனோட என்னால மாரடிக்க முடியாது."

இத்தனையும் தெரிந்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? ஆனால் அந்த இருமல் மறுபடியும் வந்தது. போதாததற்கு விடுதி நாய் துர்கோ எழுந்து வந்தது. தினம் சோறு போடுகிற எவாரிஸ்தோவைப் பார்த்தே மூன்று வருஷமாக உறுமுகிற நாய். அது வந்தவரின் காலடியில் மல்லாக்கப் படுத்து வாலை ஆட்டியது.

"சரி, வாங்க. ஆனா சத்தம் வரக் கூடாது. மேசையில இருக்கிறதை மட்டும் தொட்றாதீங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

இரண்டு மாடி. மூச்சு முட்டுகிற இந்த மலை உயரத்தில் வெளியூர்க்காரர்கள் முதல் மாடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடுவார்கள். எவாரிஸ்தோவுக்கே இரைக்கும். வந்தவர் விறுவிறுவென்று ஏறினார். மூச்சே வாங்கவில்லை. கொடுத்துவைத்த நெஞ்சு என்று எவாரிஸ்தோ பொறாமைப்பட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் போய் எட்டிப் பார்த்தால், மனிதர் கசிமிரோவின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வெள்ளிச் சுரங்க மலையைப் பார்த்தபடி ஏணியின் கடைசிப் படியைத் தின்றுகொண்டிருந்தார். சூப் கிண்ணம் நக்கி வைத்ததுபோல் இருந்தது. கறுப்பு உருளைக்கிழங்கு மட்டும் தட்டின் ஓரத்தில் குவிந்திருந்தது.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணீங்க?"

"எனக்குத்தானே வச்சிருந்தது?"

"உங்களுக்கா? செத்தவருக்கய்யா! ஏணியை வேற தின்னுட்டீங்களே, அவர் எதுல ஏறிப் போவாரு? போக வழியில்லாம இங்கயே தங்கிட்டா என் கதி என்ன?"

"உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார் வந்தவர். "எப்பவும் அப்படித்தான்."

எவாரிஸ்தோ அந்த 'எப்பவும்' என்பதைக் காதில் வாங்கவில்லை. ஓடினார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு கிண்ணம் சூப் கிடைத்தது. ரொட்டிக்கடையில் கூட்டம் நெரித்தது.

"ஏணி தீர்ந்துபோச்சு," என்றாள் கடைக்காரி. "குதிரை ஒண்ணு இருக்கு, எடுத்துக்கறியா? அதுலயும் ஏறிப் போகலாம்."

குதிரையை வாங்கிக்கொண்டு ஓடிவந்து மேசையில் நிறுத்தி, வந்தவரை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தவும் சபீனா மாடியேறி வரவும் சரியாக இருந்தது. அறை வாசலில் துர்கோ காவலுக்குப் படுத்திருந்தது. அவள் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தாள்.

"எவாரிஸ்தோ."

"சொல்லுங்க தோன்யா." மரியாதையாகத் தோன்யா, தோன்யா என்று கூப்பிட்டே அவருக்கு மூன்று வருஷம் ஓடிவிட்டது.

"நான் ஏணி வச்சேன். குதிரை நிக்குது."

"அப்படிங்களா? ஏணி மாதிரிதானே எனக்குத் தெரியுது..."

"சூப்புல ஆவி பறக்குது. காலையில வச்ச சூப்பு."

சபீனா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் உதட்டோரம் துடித்தது. பழைய புருஷன் மேல் இன்னும் இவ்வளவு ஆசையா என்று எவாரிஸ்தோவுக்கு வயிறு எரிந்தது.

"வந்திருக்கார்," என்றாள். "நான் இங்கயே உக்காந்து ஜெபம் சொல்லப் போறேன்."

நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தே விட்டாள். இரண்டாவது ஜெபத்தில் உள்ளே இருமல் கேட்டது. எவாரிஸ்தோ உடனே தானும் இருமினார். உள்ளே இருந்தது பதிலுக்கு இருமியது. இவரும் விடவில்லை. கடைசியில் இவர் தொண்டை கிழிந்து, கண்ணில் தண்ணீர் வந்து, ஓய்ந்துவிட்டார். உள்ளே ஒரு இருமல் கூடுதலாக வந்தது.

"அது நீங்க இல்லயே?" என்றாள் சபீனா.

"காத்து தோன்யா. ஜன்னல் சரியில்ல."

அப்புறம் 'கரக், கரக்' என்று ஒரு சத்தம். ஆள் கரும்பை ஆரம்பித்துவிட்டார்.

"இது?"

"எலி!"

"என் விடுதியிலயா எலி?" சபீனா எழுந்து நின்றுவிட்டாள். பக்கத்து அறைகளின் கதவுகள் திறந்தன. எலி என்றதும் ஒரு குடும்பம் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தது. அவர்களைச் சமாதானப்படுத்தி, கோக்கா இலை டீ போட்டுக் கொடுத்து, எலியே கிடையாது என்று மாதா மேல் சத்தியம் பண்ணினார் எவாரிஸ்தோ.

"எலி இல்லன்னா அப்ப என்ன சத்தம் அது?" என்று பின்னாலிருந்து கேட்டாள் சபீனா. மனிதர் டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு கீழே ஓடினார்.

பொழுது சாயும்போது அவள் கீழே போன சமயம் பார்த்து, எவாரிஸ்தோ உள்ளே நுழைந்தார். வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகமாக இருந்தது. மெழுகுவத்திச் சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பின்பக்கமா இறக்கி விடறேன், போயிடுங்க. என் கல்யாணமே நிக்குது."

"நாளைக்கு மத்தியானந்தான் எனக்குப் போக வழி," என்றார் அவர். "கல்யாணமா? அந்தம்மாவையா?"

எவாரிஸ்தோ கட்டிலில் உட்கார்ந்து மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார். கொட்டும்போது படையலில் இருந்த போட்டோவை எதேச்சையாகப் பார்த்தார். கசிமிரோவுக்கு இருந்த ஒரே போட்டோ அதுதான். சுரங்கத்தை விட்டு வெளியே வந்த கையோடு எடுத்தது. முகம் முழுக்கச் சுரங்கப் புழுதி. பல் வரிசை மட்டும் தெரியும். எவாரிஸ்தோ எதிரில் இருந்தவரைப் பார்த்தார். அவர் சிரித்தார். எவாரிஸ்தோ சட்டென்று தரையைப் பார்த்துக்கொண்டார்.

"குளிர்ல அவளுக்கு முழங்கால் வலி இருக்கும்," என்றார் அவர். "அடுப்புல ஒரு கல்லைப் போட்டு, கம்பளியில சுத்தி, கேக்காமலே கொண்டுபோய் வை. 'வேண்டாம்'னு சொல்லுவா. வச்சிட்டு வந்துரு."

"சரிங்க."

"பொய் மட்டும் சொல்லாத. அவ கண்டுபிடிச்சும் சொல்லமாட்டா. அதுதான் கொடுமை."

எவாரிஸ்தோவுக்கு உடம்பு சில்லிட்டது. குளிர் என்று சொல்லிக்கொண்டு கீழே வந்து, தன் கட்டிலில் மூன்று கம்பளிக்கு அடியில் விடியும்வரை விழித்துக் கிடந்தார்.

காலையில் கல்லைச் சுட்டுக் கொண்டுபோய் சபீனாவின் முழங்காலுக்கு அருகே வைத்தார். "வேண்டாம்" என்றாள். வைத்துவிட்டு வந்தார். அவள் அந்தக் கல்லை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து கவனித்தார். ஆளை வெளியே கடத்த வழி தேடி, படியிலேயே உட்கார்ந்து பார்த்தார். சபீனா ஏழாம் நம்பர் வாசலை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டு நெருங்கியது. சபீனா எழுந்தாள்.

"எவாரிஸ்தோ, நான் சொல்றதைக் கேளுங்க. ஏணியைக் காணோம், குதிரை வந்துச்சு. இருமினாரு. கரும்பைக் கடிச்சாரு. இதுக்கு மேல என்ன குறி வேணும்? அவருக்கு இஷ்டமில்ல. நாம கல்யாணப் பேச்சை விட்டுருவோம்."

இப்போது பேசாமல் இருந்தால் கல்யாணம் போச்சு. உண்மையைச் சொன்னால், செத்தவர் அறையை வாடகைக்கு விட்ட பாவி என்று அதுவும் போச்சு, வேலையும் போச்சு. அவள் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்தார். அந்த மனிதர் திரும்பி வந்தார் என்று நம்பிக்கொண்டு இவள் வாழ்நாள் முழுக்க இந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"அவர் வரல தோன்யா!" என்று கத்தினார். "உள்ள இருக்கிறது ஒரு வாடிக்கையாளர். நான்தான் ரூம் கொடுத்தேன். ஏணியைத் தின்னது அந்த ஆள். குதிரையை வாங்கி வச்சது நான். காத்து பொய், எலி பொய். உங்க முழங்காலுக்குக் கல்லு வைக்கச் சொன்னதுகூட அந்த ஆள்தான். என்னை வெளிய துரத்துங்க, ஆனா நீங்க அழாதீங்க!"

மணி அடிக்க ஆரம்பித்தது. சபீனா கதவைத் தள்ளினாள்.

அறை காலி. கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. சாவி மேசையில் இருந்தது. தொப்பியையும் குதிரையையும் காணோம். தட்டின் ஓரத்தில் கறுப்பு உருளைக்கிழங்கு குவிந்திருந்தது.

எவாரிஸ்தோ அலமாரியைத் திறந்து பார்த்தார்; அதுவும் காலி. சபீனாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள்.

"மக்கு! மக்கு! அவன் என் சித்தி பையன் நெமேசியோ. டுபிசா ஊர்ல நாடகம் போடறவன், நீங்க பார்த்ததில்ல. நான்தான் வரச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குப் போயி ரூம் கேளு, நல்லா இருமு, கலாட்டா பண்ணு, இந்த மனுஷன் என்கிட்ட உண்மையைச் சொல்றாரா இல்லையான்னு பார்த்துருவோம்னு."

"நீங்க... நீங்களா?"

"நேத்துப் பூரா புளுகிட்டீங்க. எலியாம், எலி! ஆனா கல்யாணம் போனாலும் பரவாயில்லன்னு கடைசியில வாயைத் திறந்தீங்க பாருங்க. கசிமிரோ சாகிற அன்னைக்குக்கூட 'நல்லாத்தான் இருக்கேன்'னு பொய் சொல்லிட்டுத்தான் செத்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பில் வந்த கண்ணீர் இல்லை. "கல்யாணத்தை ஜனவரியில வச்சுக்கலாம்."

எவாரிஸ்தோ அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளும் விடுவிக்கவில்லை.

"ஜன்னல் வழியா இறங்கிப் போயிருப்பான் கழுதை," என்று அவள் மேசையைத் துழாவினாள். "குதிரையை வேற தூக்கிட்டுப் போயிருக்கான் பாருங்க. உருளைக்கிழங்கை ஒதுக்கி வச்சிருக்கானே, கசிமிரோ மாதிரியே. யார்கிட்டயோ விசாரிச்சிருக்கான், கெட்டிக்காரன். கல்லு விஷயம்கூட..."

அவள் நிறுத்தினாள்.

"கல்லு விஷயத்தை நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லயே," என்றாள் மெல்ல.

கீழே துர்கோ வெறிபிடித்ததுபோல் குரைத்தது. யாரோ அலறுகிற சத்தம், பேன்ட் கிழிகிற சத்தம். முகத்தில் அப்பிய வெள்ளை மாவு வியர்வையில் வழிய, முழங்கால் வரை சேறோடு ஒருவன் மூச்சிரைக்க, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறி வந்து வாசலில் நின்றான்.

"கோச்சுக்காத அக்கா! நேத்துக் காலையில இருந்து ரோட்டை மறிச்சுப் போட்டுட்டானுங்க, பஸ்ஸுலயே கிடந்து, மிச்ச தூரத்தை நடந்தே வர்றேன். இப்பச் சொல்லு, வேஷத்தை நான் எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்?"